அம்மா ஏன் அழுகிறாள்?

நேற்று வரை சிரித்த முகமாக இருந்தவள்தான். வந்தவர்களுக்கு எல்லாம் வயிறாரச் சோறு போட்டவள்தான். அந்தத் தாய் இப்போது அடுப்பு முன் நின்று தானாகக் கண்ணீர் விடுகிறாள். "என்ன அம்மா?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை" என்கிறாள். குழம்புக்கு உப்புப் போட மறந்து விடுகிறாள். இரவில் தூக்கம் இல்லை. கல்யாணம், கோவில் என்று கூப்பிட்டால், "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லி விடுகிறாள்.

"வயது ஏற ஏறக் கோபமும் ஏறுகிறது" என்கிறார் கணவர்.

"நாங்கள் படாததா? இவளுக்கு மட்டும் என்ன வந்தது?" என்கிறாள் மாமியார்.

"அம்மா முன்போல் இல்லை" என்கிறான் மகன்.

மகன் சொன்னது ஒன்றுதான் சரி. அம்மா முன்போல் இல்லை. அவளுக்கு வந்திருப்பது கோபம் அல்ல. அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

பெண்களுக்கு ஒரு வயதில் மாதவிலக்கு நின்று விடும். இந்தியப் பெண்களில் பெரும்பாலோருக்கு 45 முதல் 50 வயதுக்குள் இது நடக்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால், நின்று விட்டது என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஆனால் அது ஒரே நாளில் நிற்பது இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பே நாள் தவறத் தொடங்கும். அந்தக் காலத்தில் 'ஈஸ்ட்ரோஜன்' என்ற ஹார்மோன் உடம்பில் ஏறி இறங்கும். இந்த ஹார்மோன் கருப்பையில் மட்டும் வேலை செய்வது அல்ல. மூளையிலும் வேலை செய்கிறது. அதனால் மனமும் தடுமாறுகிறது. உடம்பு திடீர் என்று கொதிக்கிறது. நடு இரவில் வியர்த்துக் கொட்டுகிறது. தூக்கம் கெட்டால் மனம் மேலும் வாடும்.

சினைப்பைகளை ஆபரேஷன் செய்து எடுத்து விட்டால், சிறு வயதிலேயே இந்தத் தொல்லை திடீர் என்று வரக்கூடும்.

குடும்ப பாரம் கூடுவதும் இதே வயதில்தான். மகள் கல்யாணம், மகன் வேலை, படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் எல்லாம் அவள் தலையில்தான்.

எல்லாப் பெண்களுக்கும் மனச்சோர்வு வருவது இல்லை. பலர் இந்தக் காலத்தைச் சுகமாகவே தாண்டி விடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகோ வேறு சமயத்திலோ மனச்சோர்வு கண்டவர்களுக்கு, மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம்.

மாறிய எண்ணம்

19-ம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியைச் சேர்ந்த கிரேப்பெலின் என்ற மனநோய் டாக்டர், நடு வயதுக்குப் பிறகு வரும் மனச்சோர்வைத் தனி நோயாகப் பிரித்தார். அந்தப் பெயர் நெடுநாள் நிலைத்தது. 1980-ல் அமெரிக்க மனநோய் டாக்டர்கள் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இருந்து அதை எடுத்து விட்டது. மற்ற வயதில் வரும் மனச்சோர்வுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்று கண்டார்கள்.

அப்படியானால், மற்றவர்களுக்குக் குணம் தரும் சிகிச்சை இவளுக்கும் குணம் தரும். "வயது வந்தால் அப்படித்தான்" என்று விட்டு விடுவது பெரிய தவறு.

எப்போது டாக்டரிடம் போவது?

ஒரு நாள் அழுகை நோய் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்து கிடந்தால், எதிலும் ஆசை இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

"நான் செத்தால் தேவலை" என்று அவள் சொன்னால், அதை வாய்ப்பேச்சு என்று தள்ளக் கூடாது. அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே போக வேண்டும்.

டாக்டர் முதலில் இரத்தத்தைச் சோதிப்பார். இரத்தச் சோகையும் தைராய்டு கோளாறும் இதே போன்ற சோர்வைத் தரும். பிறகு, ஆளுக்குத் தக்கபடி மனச்சோர்வு மருந்தோ, பேச்சு மூலம் மனத்தைத் தேற்றும் சிகிச்சையோ தருவார். சிலருக்கு ஹார்மோன் மருந்தும் உதவும். மார்பகப் புற்று நோய் கண்டவர்களுக்குப் பொதுவாக அது ஆகாது. ஆகவே கடையில் கேட்டு எந்த மருந்தையும் வாங்கி விழுங்கக் கூடாது.

பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிப்பதால் நோய் தீராது. வீணாக நாள்தான் போகும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி இது. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

கணவர் கையில்

இந்த வயதுப் பெண் தன் நோயைத் தானே சொல்ல மாட்டாள். மாதவிலக்கைப் பற்றிப் பேசவே அவளுக்குக் கூச்சம். வீட்டு வேலை நின்று விடுமே என்றும், மருந்துக்குப் பணம் ஆகுமே என்றும் அஞ்சுவாள். ஆகவே கணவர்தான் முதலில் கேட்க வேண்டும். "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று அதட்டக் கூடாது. "இராத்திரி தூங்கினாயா?" என்று பரிவோடு கேட்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தவள் அவள். அவள் மனம் வாடும்போது, வீட்டில் உள்ளவர்கள் அரை நாள் வேலையை விட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா?