'லீகல்' என்றால் ஆபத்தில்லையா?

போன சனிக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். 16 வயது மருமகன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, 'லீகல் ஹை' எண்டா சட்டப்படி சரிதானே?" அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. அவ ஏசத் தொடங்கமுதல் நான் பதில் சொன்னேன். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல.

2009இல் நான் இங்கே லண்டனில் கம்பஸில் இருந்தேன். மெஃபெட்ரோன், பெடியள் வாயில் 'மியாவ் மியாவ்', இணையத்தில் வெளிப்படையாக விற்றது. பாக்கெட்டில் 'செடி உரம், மனிதர் உட்கொள்வதற்கல்ல' என்று போட்டிருக்கும். தடையில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நம்பினோம். ஒருநாள் இரவு என் அறைத்தோழனுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இதயம் தாறுமாறாக அடித்தது. யாரோ துரத்துகிறார்கள் என்று புலம்பினான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் அரை மணி நேரம் கழித்துத்தான் 999ஐ அழைத்தேன். அவன் பிழைத்தான். அந்த அரை மணி நேரம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

2010 ஏப்ரலில் பிரிட்டன் மெஃபெட்ரோனையும் அதன் குடும்பத்துப் பொருட்களையும் 'பி' வகுப்பில் சேர்த்துத் தடைசெய்தது. வைத்திருந்தால் 5 ஆண்டு வரை, விற்றால் 14 ஆண்டு வரை சிறை. நண்பனுக்குச் சும்மா கொடுத்தாலும் சட்டத்துக்கு அது விநியோகம்தான்.

தயாரித்தவர்கள் மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றிப் புதுப் பெயரில் விற்றார்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கும் என்பது என் வேலையிலும் தெரிந்த கதை. அதனால் 2016இல் சட்டத்தையே திருப்பிப் போட்டார்கள்: மனநிலையை மாற்றும் எதையும் போதைக்காக விற்பது குற்றம், மது, புகையிலை, கஃபீன், மருந்து போன்றவைக்கு மட்டும் விலக்கு. தண்டனை 7 ஆண்டு வரை.

இந்தச் சட்டத்தில் சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பது பொதுவாகக் குற்றமல்ல. பிள்ளைகள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் பாக்கெட்டுக்குள் இருப்பது 'பி' வகுப்புப் பொருளாக இருந்தால்? பெயரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு எடுத்தால் இதயம் தாங்கும் என்பதும் தெரியாது.

மருமகனிடம் கடைசியாகச் சொன்னேன்: "உனக்கோ சிநேகிதனுக்கோ ஏதும் நடந்தா உடனே 999 அடி. என்ன எடுத்தது எண்டு மறைக்காமல் சொல்லு. பிறகு எனக்கு அடி, எத்தனை மணியெண்டாலும்."

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா: "எனக்கும் அடி. ஏசமாட்டன்."

இந்த ஒரு வசனத்தை உங்கள் வீட்டிலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.