யார் வெளியேறினால் தீர்ப்பு, யார் வெளியேறினால் துரோகம்?

தொப்பூரில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும்போது எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஓர் உலகச் செய்தியை எடுத்துக்கொள்வோம். அது நம் தெருவுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று கேட்போம். அப்படி ஒருநாள் பிரெக்சிட்டை எடுத்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் மக்கள் 2016 ஜூன் 23 அன்று வாக்களித்த கதை. பேசி முடிப்பதற்குள் ஒரு மாணவி கேட்டார்: "ஒரு நாடு ஓட்டுப் போட்டு வெளிய போகலாம்னா, நம்ம காலனி ஓட்டுப் போட்டு ஊர விட்டு வெளிய போகலாமாண்ணா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். ஆனால் நூறு வருடமாக நம் தலைவர்கள் கேட்டுவரும் கேள்வி இதுதான். அந்த மாணவிக்கு அன்று பாதிப் பதில்தான் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. வெளியேற வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். 51.9 விழுக்காட்டுக்கு 48.1 விழுக்காடு. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும், வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரும் நீடிக்கவே வாக்களித்தார்கள். ஆனாலும் மொத்தக் கணக்கில் அவர்களும் 2020 ஜனவரி 31 அன்று வெளியே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பான்மை என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்கிறவர்தான் பெரும்பான்மையை உருவாக்குகிறார். இதைத் தலித்துகளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஊரையும் சேரியையும் ஒன்றாக எண்ணினால் எப்போதும் ஊர்தான் ஜெயிக்கும்.

இனி, அந்த முடிவை நம் ஊர்ப் பொதுப்புத்தி எப்படி வரவேற்றது என்று பார்ப்போம். பெரும்பாலும் மூன்று குரல்கள் கேட்டன.

ஒன்று, படித்த கனவான்களின் குரல். "விவரம் தெரியாத சனங்களிடம் இவ்வளவு பெரிய கேள்வியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்" என்றார்கள். பிரிட்டனின் தொழில் செத்த ஊர்களில் வாழும் ஏழைகளைப் பற்றித்தான் இப்படிப் பேசினார்கள். ஆனால் இந்த வாக்கியம் நமக்குப் பழக்கமானது. 1919-இல் சவுத்பரோ குழுவின் முன்னும் 1928-இல் சைமன் குழுவின் முன்னும் அம்பேத்கர் போய் நின்று வாக்குரிமைக்காக வாதாடியது இந்த வாக்கியத்துக்கு எதிராகத்தான். சொத்தும் படிப்பும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்றார் அவர். ஏழைக்கு விவரம் போதாது என்று சொல்கிறவன் லண்டனில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும் அவனுடைய அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். எனவே பிரெக்சிட் முடிவு பிடிக்காவிட்டாலும், அந்த வாக்காளர்களைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தில் நாம் சேரக் கூடாது.

இரண்டு, மண்ணின் மைந்தர்களின் குரல். "பார், ஓர் இனம் தன் எல்லையைத் தானே மீட்டுக்கொண்டது" என்று கொண்டாடினார்கள். எந்த எல்லையை, யாரிடமிருந்து? வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு வெளியேறும் அணியில் ஒரு பிரிவினர் வெளியிட்ட சுவரொட்டியில் இருந்தது நீண்ட வரிசையில் நடந்துவரும் அகதிகளின் படம். முடிவு வந்த சில நாட்களில் லண்டனில் போலந்து மக்களின் பண்பாட்டு மையத்தின் கதவில் வசை எழுதப்பட்டது. ஈழத்திலிருந்து உயிர் தப்பி அதே லண்டனில் தஞ்சம் புகுந்தவர்களின் உறவுகள் இங்கே உட்கார்ந்துகொண்டு, அகதிக்குக் கதவை மூடும் அரசியலுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்ததை என்ன சொல்வது? சொந்த நாடு என்று பேசுகிறவர்களிடம் நாம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: உங்கள் சொந்த நாட்டில் பொதுக்கிணறு யாருடையது? சுடுகாட்டுப் பாதை யாருடையது? 1931-இல் காந்தியை முதன்முதலாகச் சந்தித்தபோது, தனக்குத் தாயகம் என்று ஒன்று இல்லை என அம்பேத்கர் முகத்துக்கு நேரே சொன்னார் என்று அவர் வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தேசியவாதி எவரும் இன்னும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது குரல்தான் முக்கியம். "பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது மக்கள் தீர்ப்பு. வெளியேறுவது அவர்கள் உரிமை. மதிக்க வேண்டும்." நடுநிலையாளர்கள் எல்லோரும் இதைச் சொன்னார்கள். நல்லது. நாமும் ஏற்கிறோம். ஆனால் இதே மரியாதையை நாம் வெளியேற முயன்றபோது யார் கொடுத்தார்கள்?

1932-க்குப் போவோம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் போராடியதன் விளைவாக, அந்த ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவிக்கப்பட்டது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுப்போம், அதோடு பொதுத் தொகுதியிலும் ஒரு வாக்கு. நாட்டை விட்டுப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சாதி இந்துக்களின் எண்ணிக்கைக்குள் கரைந்துபோக மாட்டோம் என்று மட்டும் சொன்னோம். அதற்கு வந்த எதிர்வினை செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் தொடங்கிய உண்ணாவிரதம். காந்தி செத்தால் நாடெங்கும் சேரிகளின் கதி என்ன என்ற அச்சத்தை அம்பேத்கரின் கழுத்தில் வைத்தார்கள். நான்கே நாளில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடங்கள் 148 ஆயின, உண்மைதான். ஆனால் அந்த 148 பேரையும் தேர்ந்தெடுக்கும் பிடி மற்றவர் கைக்குப் போனது. இன்றும் தனித் தொகுதியில் ஜெயித்தவர் யாருக்குப் பயந்து பேசுகிறார் என்று பாருங்கள், அந்த நான்கு நாட்களின் விலை தெரியும்.

அடுத்து 1981 பிப்ரவரி 19. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரம். சாதிக் கொடுமை தாங்காத தலித் குடும்பங்கள் நூற்றுக்கும் மேல் ஒன்றுகூடி இசுலாத்துக்குப் போனார்கள். யாரையும் அடிக்கவில்லை, யார் நிலத்தையும் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, "உங்கள் ஏற்பாட்டில் நாங்கள் இல்லை" என்றார்கள். மக்கள் தீர்ப்பு என்று யாராவது சொன்னார்களா? டெல்லியிலிருந்து தலைவர்கள் பறந்து வந்தார்கள். அரபு நாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். அந்தத் தெருவில் அதுவரை நடந்த அவமானங்களைப் பார்க்க ஒரு வண்டிகூட வராத இடத்துக்கு, அவர்கள் வெளியேறிய பிறகு வண்டி வண்டியாக வந்தார்கள். 2002-இல் தமிழ்நாட்டு அரசு கட்டாய மதமாற்றத் தடை என்று சட்டமே கொண்டுவந்தது. 2004 தேர்தலில் அடிவாங்கிய பிறகுதான் அதைக் கைவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று என்ன நடந்தது? ஒரு பையனும் ஒரு பெண்ணும் சாதி என்ற வேலியைத் தாண்டி மணம் செய்துகொண்டார்கள். இரண்டே பேரின் வெளியேற்றம். பதிலாக நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். பிள்ளைகளின் சான்றிதழ்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த நகை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டிய சுவர்கள். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அந்தப் பையன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். இதுதான் நம் மண்ணில் வெளியேறுகிறவனுக்குக் கிடைக்கும் தீர்ப்பு.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஆதிக்க சாதியினர் வெளியேறினால் என்ன நடக்கிறது?

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே 6 அன்று தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. தலித்துகள் நடந்துபோக ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். அதைப் பொறுக்காமல் ஆதிக்க சாதிக் குடும்பங்கள் ஆடுமாடுகளோடு ஊரைவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். குடும்ப அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். யார் வீடும் எரியவில்லை. அதிகாரிகள் அவர்களைத் தேடிப்போய்ச் சமாதானம் பேசினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, அங்கே பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்கவில்லை. யாரையும் நிற்க விடவில்லை. நின்றாலும், ஜெயித்த கையோடு ராஜினாமா செய்யும் பொம்மை வேட்பாளரைத்தான் நிறுத்தினார்கள். அரசமைப்புச் சட்டத்திலிருந்தே ஓர் ஊர் வெளிநடப்பு செய்தது. அதற்குப் பெயர் பிரிவினைவாதம் என்று யாரும் சொல்லவில்லை. "உணர்வுப் பிரச்சினை" என்றார்கள். 2006-இல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

தோழர்களே, இந்த இரண்டு வகை வெளியேற்றத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தவன் உள்ளே வந்துவிடக் கூடாது என்று வெளியேறுவது ஒன்று. உத்தப்புரத்து வெளியேற்றம் அது. அகதிகள் படம் போட்ட சுவரொட்டியும் அந்தச் சாதிதான். அடைத்துவைத்த இடத்திலிருந்து மூச்சுவிட வெளியேறுவது மற்றொன்று. அது மீனாட்சிபுரம். அது 1956 அக்டோபர் 14, நாகபுரி. முதலாவது சுவர் கட்டுகிறது, இரண்டாவது சுவரைத் தாண்டுகிறது. பிரிட்டனில் வெளியேற வாக்களித்த எல்லோரும் இனவெறியர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆலை மூடிப்போன ஊரின் கோபமும் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது. ஆனால் அந்தக் கோபத்தை அகதியின் பக்கம் திருப்பிவிட்டவர்களை மறக்கவும் கூடாது, மன்னிக்கவும் கூடாது.

வெளியேறுவதற்கு விலையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் 50-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வெளியேற விரும்பும் நாடு அறிவித்துவிட்டு, இரண்டாண்டுக்குள் கணக்கு முடித்துப் போகலாம். பிரிட்டனும் பேரம் பேசித் தன் பாக்கியை ஒப்புக்கொண்டு போனது. நமக்கு விலை என்ன? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அது. பிறகு 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவத்துக்கோ இசுலாத்துக்கோ போன தலித் இன்றுவரை பட்டியலுக்கு வெளியேதான். தெருவும் மாறவில்லை, தொழிலும் மாறவில்லை, பல இடங்களில் கல்லறையில்கூடத் தனிப் பகுதிதான். இடஒதுக்கீடு மட்டும் போய்விடுகிறது. பேரம் பேச நமக்கு மேசையே கிடையாது.

லண்டனைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள். 2013-இல் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய், சாதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதித்தது. அங்குள்ள பல இந்து அமைப்புகள் எதிர்த்தன. 2015-இல், வீட்டு வேலைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டுக் கொத்தடிமைபோல் நடத்தப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்கு 1,83,000 பவுண்டுக்கும் மேல் கொடுக்கச் சொல்லித் தொழிலாளர் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும், 2018 ஜூலையில் பிரிட்டன் அரசு சாதிக்கெதிரான சட்டப் பிரிவைக் கொண்டுவர மாட்டோம், நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளும் என்று கைகழுவியது. "எங்கள் சட்டத்தை நாங்களே எழுதுவோம்" என்று முழங்கி வெளியேறிக்கொண்டிருந்த நாடு, நமக்காகத் தன் நாடாளுமன்றமே எழுதச் சொன்ன ஒரு வரியை எழுதவில்லை. யாருடைய விடுதலை முழக்கமும் தானாக நம் விடுதலை ஆகிவிடாது.

சரி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். காலனி ஓட்டுப் போட்டு ஊரைவிட்டுப் போக முடியுமா?

1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு, தலித்துகளுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தலித் ஊரை அண்டியிருக்கும் வரை கூலிக்கும் கும்பிடுக்கும் கட்டுப்பட்டே இருக்க வேண்டும் என்பதை அம்பேத்கர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். அந்தத் தனிக் கிராமம் வரவில்லை. ஆனால் நம் மக்கள் ஓட்டுப் பெட்டி இல்லாமலேயே நாள்தோறும் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொப்பூரில் நின்று பேருந்து ஏறும் ஒவ்வொரு இளைஞனும், பண்ணையில் கைகட்டி நிற்க மாட்டேன் என்று போடும் ஓட்டு அது. பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று மறுத்த ஒவ்வொரு சேரியும் அந்த ஓட்டைப் போட்டிருக்கிறது. நம்மைக் கேட்காமல் நம்மைச் சேர்த்துக்கொண்ட ஒன்றியம் ஊர். அதில் சேர நாம் ஒருபோதும் கையெழுத்துப் போடவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தொப்பூர்க் கணவாயில் லாரிகள் ஏன் கவிழ்கின்றன என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் உருட்டுவார்கள், பாதியில் பிரேக் பிடிக்காது. வெளியேறுவதும் இறக்கம்தான். கோபம் மட்டும் போதாது. படிப்பு, நிலம், சட்டம் தெரிந்த நாலு பேர், அடி விழுந்தால் அன்று இரவே கூடுகிற அமைப்பு, இவையெல்லாம் கியரில் இருக்க வேண்டும். தனியாளாக வெளியேறியவனைத் தண்டவாளத்தின் ஓரம் பார்த்தோம். இனி ஒருவர் வெளியேறினால் நூறு பேர் கூட நிற்க வேண்டும்.

அடுத்த முறை எவராவது உங்களிடம் மக்கள் தீர்ப்பை மதிக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தால், நத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள். மீனாட்சிபுரத்தின் பெயரைச் சொல்லுங்கள். அவற்றையும் தீர்ப்பு என்று ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் அவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஜெய்பீம்.