கணக்கைக் காட்டு!

“பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் மானம் போகும்!” என்று வாசலில் நின்று மிரட்டுகிறான் வசூல்காரன். அடைத்த கடனா, அடுத்தவன் கடனா என்ற விசாரணையே இல்லை. ஊர் பார்க்கிறதே என்று அஞ்சி, கடன் வாங்கிக் கொடுக்கிறான் ஏழை. கூடாது, தோழர்களே!

யார் வாங்கிய கடன், எந்தத் தேதி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டு ஓடும். ஆகவே கணக்குப் பாராமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். குறித்த தேதியில் ஆஜராகி மறுப்பைச் சொல்லுங்கள்.

பட்ட கடனை மறுப்பவனல்ல பாட்டாளி. படாத கடனுக்குப் பணியவும் மாட்டான். தனியே கலங்காதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள்!