சாப்பாட்டுப் பெட்டியை விடுங்கோ, பிரேக் எங்க?



எங்கட தலைமுறைக்கெண்டு ஒரு கதை இருக்கு. பள்ளிக்கூடத்தில பெட்டியைத் திறந்தன், கறி மணந்தது, வெள்ளைப் பிள்ளையள் மூக்கைப் பொத்தினவை, நான் வெட்கப்பட்டன். இப்ப அதே புட்டையும் சம்பலையும் வடிவான பென்டோ பெட்டியில அடுக்கிப் படம் போடுறன். சுபம்.

இந்தக் கதை எனக்கு அலுத்துப் போச்சு. அதில் இரண்டு பேரைக் காணேல்லை: பெட்டியைக் கட்டினவர், அதை இருந்து சாப்பிட நேரமில்லாதவர். பல வீடுகளில ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்.

பிளேஸ்டோவில எங்கட வீட்டில அது அம்மா. கெயார் ஹோமில 12 மணி நேர ஷிஃப்ட். விடிய நாலரைக்கு எழும்பி மூண்டு பெட்டி கட்டுவா: அப்பாவுக்கு, எனக்கு, கடைசியாத் தனக்கு. கடைசிப் பெட்டியில இருக்கிறது முந்தின நாள் மிச்சம். அந்த விடியக்காலைக்கு ஆரும் சம்பளம் குடுக்கிறதில்லை. ஷிஃப்டுக்கு நடுவில வாற பிரேக்குக்கும் இல்லை.

சட்டமே அப்படித்தான். 1998ஆம் ஆண்டு வேலை நேர விதிகளின்படி, 6 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு இடையூறில்லாத 20 நிமிட ஓய்வு உண்டு. அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான். 1992ஆம் ஆண்டு வேலைத்தல விதிகளோ சாப்பிடுவதற்கு ஏற்ற வசதி இருக்க வேண்டும் என்கின்றன. நான் பகுதிநேரமா நிண்ட ஒரு இடத்தில அந்த 'வசதி' எண்டது மொப் வாளிக்குப் பக்கத்தில ஒரு கதிரை. மைக்ரோவேவில 'மணக்கிற சாப்பாடு சூடாக்க வேண்டாம்' எண்டு ஒரு தாள். நாங்கள் எல்லாரும் தாளைப் பற்றித்தான் கதைச்சம், இனவாதம் எண்டு. இனவாதம்தான். ஆனா பதினொரு பேருக்கு ஒரு கதிரை. அதைப் பற்றி ஒருத்தரும் கவிதை எழுதேல்லை.

மானிடவியலாளர் ஆன் அலிசன் 1991இல் ஜப்பானிய நர்சரிப் பிள்ளைகளின் ஒபென்டோ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அல்தூசரின் சொல்லை எடுத்து, அந்தப் பெட்டியை அரசின் கருத்தியல் கருவி என்றார். அம்மா வடிவாச் செய்யோணும், பிள்ளை மிச்சம் வைக்காமல் தின்னோணும், ரெண்டு பேரையும் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டிருக்கும். 'வீட்டில சமைச்சுக் கொண்டுபோனா காசு மிச்சம்' எண்ட அறிவுரையும் இதே சாதிதான். சம்பளம் காணாது எண்ட பிரச்சினையைத் தூக்கி அம்மாவின்ட விடியக்காலைக்குள்ள வைக்குது.

இதே நாட்டில் 1940இல், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் போர்த்தளவாடத் தொழிற்சாலைகளில் கன்டீன் வைக்க முதலாளியைக் கட்டாயப்படுத்தலாம் என்று ஆணை வந்தது. 1943இல் 'பிரிட்டிஷ் ரெஸ்டோரன்ட்' எனப்பட்ட மலிவு விலைப் பொது உணவகங்கள் 2,000க்கு மேல் இருந்தன. இன்றைக்கும் நியூஹாமில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம், 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் முழுக்க. பிள்ளைக்கு ஏலுமெண்டா, அதே தெருவில வேலைக்குப் போற அம்மாவுக்கு ஏன் ஏலாது?

சேர்ந்து இருந்து சாப்பிடுற அறை முதலாளிக்கு ஏன் பிடிக்காது எண்டதுக்கு ஹீத்ரோவைப் பாருங்கோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினது கேட் கூர்மே நிறுவனம். அடுக்கினவை பெரும்பாலும் சவுத்தோல் பக்கத்துப் பஞ்சாபிப் பெண்கள். 2005 ஆகஸ்ட் 10இல் ஏஜென்சி ஆட்களை இறக்கினதைக் கண்டு கன்டீனில கூடினவை. திரும்பி வேலைக்குப் போகேல்லை எண்டு 600க்கு மேற்பட்டவர்களை நிறுவனம் நீக்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தரைப் பணியாளர்கள் ஆதரவாக வேலையை நிறுத்த, நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. அவைக்குக் கூட ஒரு கன்டீன் இருந்தது. ஒரு கதிரையை வைச்சு, ஆளாளுக்கு வேற வேற நேரத்தில பிரேக் குடுக்கிற இடத்தில ஆர் ஆரோட கதைக்கிறது?

இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. உங்கட வேலையில பிரேக் எத்தனை நிமிஷம்? அதுக்குச் சம்பளம் உண்டா? எத்தனை பேருக்கு எத்தனை கதிரை? உங்கட சாப்பாட்டுக்கு விடிய ஆர் எழும்பினது? யூனியனில இருக்கிறவை முதல் மூண்டையும் அடுத்த கிளைக் கூட்டத்தில கேளுங்கோ. நாலாவதுக்கு யூனியன் இல்லை. பெடியன்களே, அலாரத்தை நாலரைக்கு வையுங்கோ.