இன்னும் நொண்டி நாடகம்

சென்ற இதழில் வெளியான கவிதையொன்றில் என் கால் வருகிறது. பெயர் இல்லை. ஆனால் கீழ்பென்னாத்தூர் என்று ஊர் இருக்கிறது, வெளியிலிருந்து கம்பி மாட்டிய வலது தொடை இருக்கிறது, ஜன்னலில் அண்ணாமலை தெரிகிறது. என் ஜன்னலில் மலை தெரியாது. எதிர்வீட்டுச் சிமென்ட் தொட்டி தெரியும். இருந்தாலும் கால் என்னுடையதுதான். கவிதையில் அந்த எலும்பின் முறிவு நம் காலத்தின் முறிவாகிறது. கடைசி வரிகளில் அவன் ஊன்றுகோலை வீசிவிட்டு எழுந்து நடக்கிறான், சுயத்தை மீட்டுக்கொள்கிறான். நல்ல கவிதை என்று மூன்று நண்பர்கள் என்னிடமே சொன்னார்கள்.

நான் ஊன்றுகோலை வீசவில்லை. வீசினால் விழுவேன். இந்தச் சிறிய தகவல் பிழைக்குப் பின்னால் பெரிய பிசகு ஒன்று இருக்கிறது; அது கவிஞருடையது மட்டுமல்ல, நம் எல்லோருடையதும். கவிஞர் என் நண்பர். பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2022 மார்கழியில், செஞ்சி சாலையில், விடியற்காலைப் பனியில், நெல் மூட்டை ஏற்றிய மினி லாரி. தொடை எலும்பு இரண்டு இடத்தில். முழங்காலுக்குக் கீழ் எலும்பின் தலையும் நொறுங்கிவிட்டது. மூன்று அறுவை, நாலரை மாதம் படுக்கை, பிறகு வாக்கர், பிறகு இரண்டு கட்டை, இப்போது ஒரு தடி. வலது கால் முக்கால் அங்குலம் குட்டை. வலியைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், பெரும்பாலும் வலியில்லாதபோது. நான் அதைத் தொடப்போவதில்லை.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தமிழில் நொண்டி நாடகம் என்றொரு வகை செழித்தது. தாசியிடம் பொருளைத் தொலைத்தவன் குதிரை திருடப் போகிறான், அகப்படுகிறான், காலை வெட்டிவிடுகிறார்கள். அவனே மேடையில் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு தன் கதையைத் தன் வாயால் சொல்கிறான். கடைசியில் அருள் கிட்டுகிறது, கால் வளர்கிறது. திருச்செந்தூர் நொண்டிக்கு முருகன். சீதக்காதி நொண்டிக்கு மக்கா. மதம் மாறினாலும் சூத்திரம் மாறவில்லை. கால் போவது பாவத்தால், வருவது அருளால். இடையில் வைத்தியம் இல்லை, தச்சு வேலை இல்லை, மலம் அள்ளிய கை இல்லை.

நாம் நவீனர்கள். அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் சென்ற இதழ்க் கவிதையின் எலும்புக்கூடு அதேதான். பாவம் இருந்த இடத்தில் 'காலத்தின் நோய்' உட்கார்ந்திருக்கிறது, முருகன் இருந்த இடத்தில் 'மன உறுதி'. வாரப் பத்திரிகை தன்னம்பிக்கைத் தொடருக்கும் நம் சோதனைக் கவிதைக்கும் இந்த ஒரு விஷயத்தில் பேதமே இல்லை என்பது நம்மில் யாருக்கும் உறைக்கவில்லை. நொண்டி நாடகக்காரனாவது தன் திருட்டை ரசித்துச் சொன்னான்.

இது வெறும் அழகியல் சண்டை அல்ல. நான் கிடந்த வார்டில் பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன். கொத்தனார் வேலை, சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் போய்விட்டது. இனி நடக்கமாட்டான் என்று அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் அப்பா விடாமல் ஒரு புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டுவார்: கையிழந்து ஜெயித்தவர், காலிழந்து மலையேறியவர். ஒருநாள் அவர் டீ வாங்கப் போன சமயம் பையன் என்னைப் பார்த்து, "எனக்கு மனசுல தெம்பு பத்தலியா சார்?" என்று கேட்டான். கால் திரும்பாதவன் அருள் கிடைக்காதவன் என்றாகிவிடுகிறது. முன்பு பாவி, இப்போது கோழை. அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்தவர்களில் நாமும் உண்டு. நான் அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்க் கிருமியிலும் இறந்துகொண்டிருந்தார்கள். 1944-ல் இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், லுட்விக் குட்மன் இரண்டு மணிக்கொருதரம் நோயாளியைப் புரட்டிப் போடவேண்டும் என்று விதி வைத்தார், இரவிலும். அவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். புரட்டியது யார்? வார்டில் இராப்பகலாக நின்ற பெயர் தெரியாத கைகள். மன உறுதி அன்றைக்கு அந்தக் கைகளில்தான் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், வேலூர் நமக்குப் பக்கம். மேரி வர்கீஸ் என்ற டாக்டருக்கு 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன்: பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் போனவர், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இருவரைப் பற்றியும் புகழுரைகள் ஏராளம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. இவர்கள் இருவருமே திரும்ப நடக்கவில்லை. நொண்டி நாடகத்தின் சூத்திரப்படி இவர்கள் தோற்றவர்கள். மேரி வர்கீஸ் இயங்கினார் என்றால் நாற்காலி நுழையும் வாசல் இருந்தது, உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் மேஜை இருந்தது, கூட நிற்க ஆள் இருந்தது. இயக்கம் என்பது நடை அல்ல. நினைத்தபோது நினைத்த இடத்துக்குப் போய்ச் சேருவது. அதற்குக் கால் ஒரு வழி, அவ்வளவே.

சுதா சந்திரனை எல்லோருக்கும் தெரியும். 1981-ல் திருச்சிக்கு அருகே விபத்து, ஒரு கால் போனது, ஜெய்ப்பூர் கால் மாட்டிக்கொண்டு மறுபடி ஆடினார். சினிமாவும் வந்தது, அவரே நடித்தார். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் அந்தக் காலைச் செய்தது யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? அறுவை வைத்தியர் பி.கே. சேத்தி, அவரோடு ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞர். சேத்திக்கு 1981-ல் மகசேசே பரிசு வந்தது. வெளிநாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருக்கவேண்டியது. அதை வைத்துக்கொண்டு குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. நம்மவன் வெறுங்காலோடு கழனியில் நிற்பான், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்பதைப் பார்த்து, ரப்பரும் மரமும் வைத்து இவர்கள் ஒரு பாதம் செய்தார்கள். உருவம் உள்ளடக்கம் என்று நாற்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொள்கிறோமே, அந்த ரப்பர் பாதத்தில் அது தீர்ந்திருக்கிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியில் உட்கார முழங்கால் 90 டிகிரி மடங்கினால் போதும். கக்கூஸில் குந்த 120-க்கு மேல் வேண்டும். என் முழங்கால் 95-ல் நின்றுவிட்டது. நண்பர்கள் சுயம், அந்நியமாதல் என்று பேசுகிற இடத்தில் எனக்கு இருந்தது இந்த 25 டிகிரி. அதைத் தீர்த்தது தியானம் அல்ல. எங்கள் தெருத் தச்சர் பழைய நாற்காலியில் ஓட்டை போட்டுக் கொடுத்தார், 400 ரூபாய். அன்று காலை நானே கதவைச் சாத்திக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

அதுவரை நாலரை மாதம் பெட்பேன் எடுத்தவள் என் மனைவி. தினம் தொடைத் தசையை இறுக்கவும் தளர்த்தவும் எண்ணிக்கை சொன்னதும் அவள்தான், பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருநாள்தான் வருவார். நண்பரின் கவிதையில் அவள் இல்லை. 'தனியொருவனாக எழுந்தான்' என்பதற்கு அவள் இடைஞ்சல். கவிதையை வாசித்துக் காட்டினேன். "தடிய வீசுறதுக்கு முன்னால என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், மறுபடி தூக்கிவிடறது யாரு" என்றாள். இதைவிடக் கூர்மையான விமர்சனம் இந்த இதழில் வந்து நாளாகிறது.

தடி என்றதும் ஒன்று. அடிபட்டது வலது கால் என்றால் தடி இடது கையில் இருக்கவேண்டும். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். எந்த எலும்பு ஆஸ்பத்திரியிலும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நம் சிறுகதை நொண்டிகளும் அட்டைப்பட நொண்டிகளும் பெரும்பாலும் கெட்ட கால் பக்கமே தடியை ஊன்றுகிறார்கள். பார்க்காமலே எழுதுகிறோம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

பார்த்து எழுதியவனும் உண்டு. குறுந்தொகை 60, பரணர். மலையடியில் உட்கார்ந்திருக்கும் முடவன் உச்சியிலிருக்கும் தேனடையைக் காண்கிறான். உள்ளங்கையைக் குழித்துக் குடையாக்கி, மேலே சுட்டிச் சுட்டி, நக்கிக்கொள்கிறான். தலைவியின் ஏக்கத்துக்கு உவமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழிந்த கை ஒரு நிஜ மனிதனின் கை. உவமையான பின்னும் அவன் மிச்சமிருக்கிறான். நானும் 1983-ல் ஒரு சிற்றிதழில் முடவனை வைத்து எழுதினேன், என் தலைமுறையின் கையாலாகாத்தனத்துக்குப் படிமமாக. பாராட்டு வந்தது. அந்த முடவனுக்கு எந்தக் கால் இல்லை என்றுகூட நான் யோசித்திருக்கவில்லை. ஆகவே நண்பரைக் குற்றம் சொல்லும் முன் என்னைச் சொல்லிக்கொள்கிறேன்.

2010-ல் அரசாங்கம் ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளி ஆக்கியது. 2016-ல் சட்டம் வந்தது: ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் எல்லோரும் நுழையும்படி மாற்றவேண்டும். விதிகள் 2017-ல் வந்தன. எங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலை போகும் டவுன் பஸ்ஸின் முதல் படி இன்னும் என் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம், நாம் எல்லோரும் செய்கிறோம்.

நம் மாதாந்திரக் கூட்டம் திருவண்ணாமலையில் ஒரு மாடி அறையில் நடக்கிறது. பத்தொன்பது படி, கைப்பிடி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் வரவில்லை. என் கால் கவிதையாக அங்கே வாசிக்கப்பட்டதாகக் கேள்வி. வரச்சொல்லி அழைத்தவர், "நாலு பேரு சேந்து தூக்கிடறோம் சார்" என்றார். நாலு பேர் தூக்குகிற நாள் ஒன்று வரும், அதற்கு அவசரமில்லை. பத்தொன்பது படி, ஏழு அங்குலம் வீதம் 133 அங்குலம். முறைப்படி ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு வைத்தால் 133 அடி நீளப் பாதை வேண்டும், தெருவே போதாது. அதை யாரும் கேட்கவில்லை. அதே கட்டடத்தில் கீழே பாத்திரக் கடைக்காரரின் கிடங்கு ஞாயிற்றுக்கிழமை காலி. போன வாரம் நானே பஸ் ஏறிப் போய் விசாரித்தேன், அரை மணி ஆனது ஏற. பத்து நாற்காலி போடலாம், மின்விசிறி ஒன்று இருக்கிறது, வாடகை வேண்டாம் என்கிறார். வாசலில் ஒரே படி, ஐந்தரை அங்குலம். பலகை ஒன்று நான் கொண்டுவருகிறேன்.