கொடைக் கணக்கில் வில்லுக்கும் ஒரு பங்கு

தோவாளைப் பக்கத்தில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பல வருசமாகக் கணக்கு எழுதி வருகிறேன். பந்தல், ஒலிபெருக்கி, மேளம், பூ, வாணவேடிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இனம் உண்டு. வில்லுப்பாட்டுக்கு மொத்தமாக ஒரு தொகை. குழுவில் உள்ளவர்கள் அதைப் பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் சுமந்து வரும் வில்லைப் பேணுவதற்கு எந்தக் கோயிலும் பணம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. இது மாற வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வில், வைரம் பாய்ந்த பனையைச் செதுக்கிச் செய்வது. ஏறத்தாழ பத்தடி நீளம். நடுவில் பருத்து, முனைகளில் மெலிந்து பூண் போட்டிருக்கும். தோல் நாண், வரிசையாக வெண்கல மணிகள். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலால் நாணைத் தட்டினால் மணிகளும் சேர்ந்து அதிரும். அந்த நாதம் ஏறினால்தான் சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டில் சாமி இறங்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

கடலும் மலையும் நெருங்கி நிற்கிற மாவட்டம் இது. ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஈரம் ஏறினால் நாண் தொய்ந்து நாதம் மங்கும். உப்புக்காற்றில் மணி களிம்பு பிடிக்கும். ஆகவே கொடை முடிந்ததும் முதலில் நாணை இளக்கிவிட வேண்டும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் விட்டால் மரம் அந்த வளைவுக்கே பழகி விறைப்பை இழந்துவிடும். மணிகளைக் கழற்றித் தனியாகப் புளி போட்டுத் துலக்க வேண்டும். புளித்தண்ணீர் மரத்திலும் தோலிலும் இறங்கக் கூடாது. வில்லைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, நேர்வெயில் படாத இடத்தில் தாங்கு கொடுத்துக் கிடத்த வேண்டும். பத்தடி வில்லை அப்படிக் கிடத்த எத்தனை அண்ணாவிமார் வீட்டில் இடம் இருக்கிறது?

வில் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம் என்பது இனி எளிதல்ல. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பனை அழிந்துவரும் காலத்தில் சரியான முடிவு அது. அதனாலேயே, வெட்டிச் செய்து கையில் இருக்கும் வில்லை இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கும்படி காப்பது நம் கடமையாகிறது.

“வில் அண்ணாவியின் சொந்தப் பொருள், அது அவர் பாடு” என்பார்கள். அவர் வாங்கும் சம்பளம் அதற்குப் போதுமா என்று கேட்டுப் பார்க்கட்டும். பெண்கள் அரிதாகவே அமர்ந்த அண்ணாவி இடத்தில் அமர்ந்து பாடிய கொட்டாரம் பகுதி பூங்கனி அம்மாளின் கடைசிக் காலம் வறுமையில்தான் கழிந்தது. 2018இல் அவர் மறைந்த பிறகு எல்லோரும் புகழ்ந்தோம். பாடுகிறவர் உயிரோடு இருக்கும்போது போர்த்தும் பொன்னாடைக்குப் பதில் ஒரு நல்ல நாண் வாங்கிக் கொடுத்தால் அது பாட்டுக்கு உதவும்.

நான் கேட்பது இரண்டுதான். ஒலிபெருக்கிக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கை ‘வில் பராமரிப்பு’ என்று தனி இனமாக எழுதி அண்ணாவியிடம் கொடுக்க வேண்டும். கொடை இல்லாத மாதங்களில் வில்லை வைக்கக் கோயில் கட்டடத்தில் மழை ஒழுகாத ஓர் இடம் தர வேண்டும். எங்கள் ஊர் வரிதாரர் கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். மற்ற ஊர்க் கமிட்டிகளும் வரும் கொடைக்கு முன் இதைப் பேசி முடிவெடுக்கட்டும்.