அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீங்க

ஓ.எல். படிக்கும்போது இனப்பெருக்கப் பாடம் வந்த நாள் எங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது. "இத வீட்ட போய் வாசிங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பொடியன்கள் நாங்கள் பின்வாங்கில் இருந்து சிரித்தோம். பெண்பிள்ளைகள் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். வெவ்வேறு ஊர்களில் இருந்து வந்தாறுமூலைக்குப் படிக்க வந்து, ஒன்றாக இருந்து கதைத்தபோதுதான் தெரிந்தது, எங்கள் எல்லாருக்கும் இதே கதைதான்.

பாலியல் கல்வி என்றதுமே "பிள்ளைகள் கெட்டுப் போவார்கள், கலாசாரம் அழிந்துவிடும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். தரம் 7 பிள்ளைகளுக்காகச் சிங்களத்தில் எழுதப்பட்ட 'ஹத்தே அபே பொத்த' என்ற புத்தகத்துக்கும் இதுதான் நடந்தது. பிக்குகள் எதிர்த்தார்கள், 2020இல் அதன் விநியோகம் நின்றது. எங்கட ஆக்கள் அதைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. இந்த ஒரு விசயத்தில் பன்சலையும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நல்ல ஒற்றுமை.

எங்கட கலாசாரத்தையும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் கார்ட் அடிக்கிறோம், ஹோல் எடுக்கிறோம், வீடியோ பிடிக்கிறோம். ஊருக்கே சொல்லுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏன் இரத்தம் வருகிறது என்று மட்டும் சொல்ல மாட்டோம். சொன்னால் வெட்கமாம்!

சொல்லாவிட்டால் பிள்ளைகள் அறியாமலா இருக்கப் போகிறார்கள்? கையில் ஃபோன் இருக்கிறது. அது காட்டுகிற படத்தில் சம்மதம் கேட்கிற காட்சி இல்லை. பாலியல் கல்வியால் பிள்ளைகள் முந்தி உறவில் இறங்குவதில்லை என்பதை, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2018இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டியே சொல்லுகிறது.

இந்த மௌனத்தால் உண்மையில் நன்மை அடைகிறவன் யார்? பிள்ளையைத் தொடுகிற மாமா, பக்கத்து வீட்டுக்காரன், டியூசன் மாஸ்டர். தன் உறுப்பின் பெயரைச் சொல்லவே கூசுகிற பிள்ளை, அங்கே என்ன நடந்தது என்று எப்படி முறையிடும்? 1929க்கு எடுத்தாலும் சொல்லுவதற்கு ஒரு சொல் வேணுமே.

பள்ளியை விட்டுக் கடலுக்கும் மேசன் வேலைக்கும் கார்மெண்டுக்கும் போனவர்கள் நிலை இன்னும் மோசம். 19 வயதுப் பொடியன் 15 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறான். "விரும்பித்தானே வந்தாள்" என்கிறான். 16 வயதுக்குக் கீழே அந்த விருப்பம் சட்டத்தில் சம்மதமே இல்லை, அது வன்புணர்வு என்பதைப் பொலிசில்தான் அறிகிறான். 1995இல் வந்த திருத்தம் அது. பொதுச் சட்டத்தில் கலியாணம் எழுதவும் 18 ஆகவேணும். அவன் மறியலுக்குப் போக, படிக்கவேண்டிய வயதில் அவள் வயிற்றோடு நிற்கிறாள். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதாதா?

நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. புத்தகத்தில் ஏற்கனவே உள்ள பாடத்தை, ஆண் பெண் இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பியுங்கள். அதற்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். கர்ப்பிணிகளைத் தேடி வீடுவீடாகப் போகிற மிட்வைஃப் அக்காமாரை விளையாட்டுக் கழகங்களுக்கும் கூப்பிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தியே அவர்களிடம் கேட்க எங்களிடம் கேள்விகள் இருக்கின்றன.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களில் கனபேர் நாளைக்கு ஆசிரியர்களாகத்தான் போகப்போகிறோம். அன்றைக்கு நாங்களும் "வீட்ட போய் வாசிங்க" என்று சொன்னால், இங்கே எழுதியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால்தான்.